ஐரோப்பாவின் சட்டமும் தாராவியின் தையல் மிஷினும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டதும் சிலர் சிரித்தார்கள். தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசினால் புரியும், ரேஷன் கார்டைப் பற்றிப் பேசினால் புரியும், ஐரோப்பாக்காரன் சுங்கச் சட்டம் நமக்கு எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். திருநெல்வேலியில் ரயில் ஏறி தாதரில் இறங்கியவர்கள் நாம். கப்பல் ஏறியவர்கள் அல்ல. ஆனால் நம் கையால் தைத்த பர்சும் பெல்ட்டும் கப்பல் ஏறிப் போகின்றன. ஹாம்பர்க் துறைமுகத்தில் ஒரு பெட்டியைத் தடுத்து நிறுத்தினால், இங்கே நம் சந்தில் ஒரு வீட்டில் உலை ஏறாது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு குடும்பம் நம் சங்கத்துக்கு வந்தது. அப்பா கட்டிங், அம்மா ஒட்டுவது, இரண்டு பிள்ளைகள் மிஷின். 600 பர்ஸ் தைத்துக் கொடுத்தார்கள். கூலி வாங்கப் போனபோது வியாபாரி, "மால் திரும்பிவிட்டது, குரோமியம் இருக்கிறதாம்" என்று சொல்லி 38,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். குரோமியம் என்ற சொல்லையே அந்தத் தாய் அன்றுதான் கேட்டார். நாங்கள் நாலு பேர் போய் விசாரித்தோம். செல்போனில் மூன்று வரி ஆங்கிலக் கடிதம் ஒன்றைக் காட்டினார். எந்தப் பரிசோதனைக் கூடம், எந்த லாட், என்ன அளவு, ஒன்றும் அதில் இல்லை. தோலை வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்டோம். அவர்தான். தோல் அவருடையது, நஷ்டம் மட்டும் தைத்தவனுடையது! இது எந்த ஊர் நியாயம்?

தோழர்களே, வெளிநாட்டுச் சட்டம் நம் தொழிலைத் தட்டுவது இது முதல் முறை அல்ல. 1989-ல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற மருந்தைத் தடை செய்தது. தோலில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கப் பதனிடுகிறவர்கள் போட்டுவந்த மருந்து அது. தமிழ்நாட்டுத் தோல் மண்டிகள் ஆடிப்போயின. மாற்று மருந்தைக் காண அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் கைகொடுத்தது. அந்த மூச்சு அடங்குவதற்குள் 1994-ல் அதே ஜெர்மனி சில அசோ சாயங்களுக்குத் தடை போட்டது. புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக அவை பிரியும் என்பது காரணம். 1997-ல் நம் அரசும் அந்த வகைச் சாயங்களைத் தடுத்தது. 2002-ல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் ஒரே சட்டமாக வந்தது: கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் உள்ள பெரிய முதலாளிகளுக்கு இதைச் சொல்ல ஆள் இருந்தது. தாராவியில் யார் வந்து சொன்னார்கள்? மால் திரும்பி வந்த பிறகுதான் நமக்குச் சட்டம் தெரியும்.

இப்போது குரோமியத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நம் கையும் இருக்கிறது. இன்று உலகத்தில் பெரும்பாலான தோல் குரோமிய உப்பில்தான் பதனிடப்படுகிறது. அதிலே இருப்பது மூன்றாம் நிலைக் குரோமியம். அதனால் பெரிய தீங்கில்லை. ஆனால் அது ஆறாம் நிலைக்கு மாறிவிட்டால் தோல் ஒவ்வாமை வரும். அரிப்பும் கொப்புளமும் ஆளை விடாது. ஆகவே 2015 மே 1 முதல், உடம்பில் படும் எந்தத் தோல் பொருளிலும் ஆறாம் நிலைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்று ஐரோப்பா சட்டம் போட்டது.

எப்படி மாறுகிறது? சூடு, வெயில், ஈரமில்லாத வறண்ட காற்று, காரத்தன்மையுள்ள பசை, சிலவகை எண்ணெய். கேட்டீர்களா? வாணியம்பாடியிலிருந்து புறப்படும்போது சுத்தமாக இருந்த தோல், நம் தகரக் கூரைக்கடியில் மே மாதம் முழுவதும் அடுக்கிக் கிடந்து, கண்ட பசையையும் வாங்கிக்கொண்டு, பிறகு கன்டெய்னருக்குள் வெந்து அங்கே போய் இறங்கும்போது வேறு தோலாக இருக்கலாம். பதனிட்ட இடத்துச் சர்டிபிகேட்டை மட்டும் காட்டி வியாபாரி தப்பிக்க முடியாது. "தோல் அவர் கொடுத்தது" என்று மட்டும் சொல்லி நாமும் முழுக்கத் தப்பிக்க முடியாது. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? தோலைக் கூரையை ஒட்டிய பரணில் ஏற்றாதீர்கள். வெயிலில் காயப் போடாதீர்கள். பசை டப்பாவின் மேலுள்ள பெயரைக் குறித்து வையுங்கள். (ஆவாரம்பட்டை மட்டும் போட்டுப் பதனிட்ட பழைய தோலுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. நம் பாட்டன்மார் அந்தத் தோலில் வேலை செய்தவர்கள்தான். அது வேறு கதை.)

வெள்ளைக்காரன் நம் வயிற்றில் அடிக்கவே இந்தச் சட்டம் போடுகிறான் என்று நம்மில் சிலர் பேசுகிறார்கள். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. பர்சைப் பையில் வைத்திருக்கும் ஜெர்மன்காரனுக்கு அரிப்பு வருமென்றால், அதே தோலை நாள் முழுக்க வெறுங்கையால் மடித்து ஒட்டும் நம் தாய்மார்களுக்கு என்ன வரும்? அந்தத் தடை நம் விரல்களுக்கும் நல்லதுதான். சட்டம் கூடாது என்பதல்ல நம் சண்டை. சட்டத்தின் செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான் சண்டை.

அடுத்தது எண் விவகாரம். நம்மில் ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை செய்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சரக்கின் பெயரைத் தப்பாக எழுதிப் பதிவு செய்தால் என்ன ஆகும்? அபராதம். சுங்கத்திலும் அதே கதைதான். உலகம் முழுவதும் ஒவ்வொரு சரக்குக்கும் முதல் ஆறு இலக்கம் ஒன்றே. தோல் பர்ஸ் 420231. அதே பர்சை மேலே ரெக்சின் போட்டுத் தைத்தால் 420232. ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம், ஆனால் ஐரோப்பாவின் பொது வரிப் பட்டியலில் தோலுக்கு 3 சதவீதம், பிளாஸ்டிக் மேலுறைக்கு 9.7 சதவீதம். தோலும் ரெக்சினும் கலந்து தைக்கும்போது வெளியே எது அதிகம் தெரிகிறது என்பதில் காசு இருக்கிறது. வியாபாரி அதைத் தப்பாக எழுதிவிட்டு, பெட்டி நின்றதும் "உன் தையல் சரியில்லை" என்று நம்மிடம் பிடிப்பதும் நடக்கிறது.

அந்தப் பட்டியலும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஆறு இலக்கங்கள் கடைசியாக 2022-ல் மாறின; அடுத்த மாற்றம் 2028 ஜனவரியில். அதற்கு மேலுள்ள இலக்கங்களை ஐரோப்பா வருடந்தோறும் திருத்தி, அக்டோபர் முடிவதற்குள் அச்சிட்டு, ஜனவரி முதல் தேதி நடைமுறைக்குக் கொண்டுவருகிறது. சரக்கு வருமுன்பே விவரம் கொடுக்க வேண்டும் என்ற புது முறை 2021 மார்ச்சில் தபாலுக்கும் கூரியருக்கும் வந்தது, 2023 மார்ச்சில் விமானச் சரக்குக்கு, 2024 ஜூனில் கப்பலுக்கு. வெறுமனே "தோல் சாமான்" என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள். தோல் கைப்பை, தோல் பெல்ட் என்று எழுத வேண்டும். இன்டர்நெட்டில் நேரடியாக விற்கும் நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: 22 யூரோ வரையிலான பொதிக்கு இருந்த வாட் வரி விலக்கு 2021 ஜூலையோடு போய்விட்டது, 150 யூரோ வரையிலான சுங்க விலக்கையும் எடுத்துவிட்டு, 2026 ஜூலை 1 முதல் பொருளுக்கு 3 யூரோ என்று 2025 டிசம்பரில் முடிவு செய்தார்கள்.

சட்டத்தைச் சொல்லி மிரட்டுவதும் உண்டு. காட்டை அழித்து வளர்த்த மாட்டின் தோல் வேண்டாமென்று 2023-ல் ஐரோப்பா ஒரு சட்டம் போட்டது. நடைமுறைக்கு வரும் நாளை 2024-ல் ஒரு முறை, 2025-ல் ஒரு முறை தள்ளிப்போட்டார்கள். ஆனால் இங்கே சட்டம் வந்த மறுமாதமே, "இனி பையும் பர்சும் போகாது, கூலியைக் குறைத்துக்கொள்" என்று சிலர் ஆரம்பித்துவிட்டார்கள். 2023 சட்டத்தின் பட்டியலைப் படித்துப் பார்த்தோம். அதில் மாட்டுத் தோல் இருந்தது. தைத்து முடித்த பையும் பர்சும் இல்லை! படிக்காமல் விட்டிருந்தால் பீசுக்கு இரண்டு ரூபாய் போயிருக்கும்.

மராட்டிய அரசு 2015-ல் காளை, எருது வெட்டத் தடை போட்ட நாளிலிருந்து உள்ளூர்த் தோல் குறைந்து, வெளியூர்த் தோலை நம்பி நிற்கிறோம். ஒரே ஆர்டரில் மூன்று ஊர்த் தோல் கலந்து வருகிறது. ஆகவே நம் செயற்குழு சில முடிவுகளை எடுத்திருக்கிறது. தோல் வரும்போதே யாரிடமிருந்து, எந்தத் தேதி, எந்த லாட் என்று நோட்டில் எழுதி, உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை வெட்டி, காகித உறையில் போட்டு வைக்க வேண்டும். பிறகு தகராறு வந்தால் அந்தத் துண்டு பேசும். ஆர்டர் கொடுக்கும் வியாபாரி, எந்த நாட்டுக்கு, என்ன நிபந்தனை என்பதைத் தமிழிலோ இந்தியிலோ எழுதித் தர வேண்டும். பரிசோதனைச் செலவு ஆர்டர் கொடுத்தவருடையது. பரிசோதனைக் கூடத்தின் பெயரும் லாட் எண்ணும் இல்லாத எந்தக் கடிதத்துக்கும் ஒரு பைசா பிடித்தம் ஏற்க மாட்டோம். தனியாகக் கேட்டால் ஆர்டர் அடுத்த சந்துக்குப் போய்விடும் என்ற பயம் நமக்குத் தெரியும். அதனால்தான் எல்லாச் சந்தும் ஒரே நாளில் கேட்க வேண்டும் என்கிறோம்.

ஐரோப்பாவின் வரிப் பட்டியல் இன்டர்நெட்டில் இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரி போகும் நம் பெண் பிள்ளைகள் மூன்று பேர், ஒவ்வொரு நவம்பரிலும் அதைப் பார்த்து, 4202, 4203 ஆகிய இரண்டு தலைப்புகளில் என்ன மாறியது என்று தமிழில் எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அது இந்த இதழிலேயே வெளிவரும்.

அந்த 38,000 ரூபாய் இன்னும் வரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வியாபாரியிடம் மறுபடியும் போகிறோம். போன தடவை நாலு பேர் போனோம். இந்தத் தடவை வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். நோட்டு வைத்திருப்பவர்கள் நோட்டையும் எடுத்து வாருங்கள்.