கிழமைப் பாடமும் வீட்டுத் துணையும்



"பள்ளியில் இன்று என்ன படித்தாய்?" என்று கேட்டால், "விளையாடினோம்" என்கிறது பிள்ளை. கொப்பியிலோ இரண்டு வரிதான். இதைக் கண்டு மனம் சலிக்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு.

அது வீண் விளையாட்டன்று. 1999ஆம் ஆண்டு முதலாந் தரத்தில் தொடங்கிய சீர்திருத்தம், ஆரம்பக் கல்வியை விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்னும் மூன்றின்மேல் அமைத்தது. சின்ன வகுப்புகளில் முன்னிரண்டுக்குமே கூடிய இடம் தரப்பட்டது. திங்களன்று சிப்பி எண்ணிய பிள்ளைதான் வெள்ளியன்று கூட்டல் எழுதுகிறது. கரைவலைக்கோ வயலுக்கோ துணையென்று நடுவில் இரண்டு நாள் மறித்தால், அந்தத் தொடர் அறுந்துவிடும்.

"எழுத்தறியாத நாங்கள் எப்படி உதவுவது?" என்று தயங்க வேண்டாம். மீனைப் பத்துப் பத்தாகக் குவிக்கச் சொன்னால் அது கணிதம். சுண்டால் அரிசி அளக்க விட்டால் அது அளவை. வாடைக்காற்றில் கடல் ஏன் கொந்தளிக்கிறது என்று தகப்பனார் சொன்னால் அது சுற்றாடற் பாடம்.

வெள்ளி மாலை விளக்கேற்றியபின் பத்து நிமிடம் பிள்ளையை அருகிருத்தி, "இந்தக் கிழமை படித்ததை எனக்குச் சொல்லித் தா" என்று கேளுங்கள். திக்கினால் அடிக்காதீர்கள், திங்களன்று ஆசிரியரிடம் அறிவியுங்கள்.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் நெருங்கும்போது விழிப்பது காலங்கடந்த விழிப்பு. துணைக்கு ஆளில்லாத வீடுகளுக்கு நம் மன்றத்து இளைஞர் செல்லட்டும். நாம் இன்றே தொடங்குவோம்.