சிலந்தியைப் பார்த்தீர்களா?



தமிழ் அகராதியில் ‘சிலந்தி’ என்ற சொல்லைத் தேடினால் எட்டுக்கால் உயிருக்கு அடுத்தபடியாகக் கட்டி, புண் என்ற பொருள்களும் இருக்கும். காலில் கொப்புளம் உடைந்து நூல்போல் புழு வெளியே வருகிற நோய்க்கு நம் முன்னோர் வைத்த பெயர் நரம்புச் சிலந்தி. அது கினிப்புழு. குளத்து நீரிலும் படிக்கிணற்று நீரிலும் இருந்த கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுயிர் வழியாக உடம்புக்குள் போனது. நீரை வடிகட்டிக் குடிக்கச் சொல்லிக்கொடுத்து, படிக்கிணறுகளை மாற்றிய பிறகுதான் ஒழிந்தது. 2000ஆம் ஆண்டில் இந்தியா அந்த நோய் இல்லாத நாடு என்று சான்று பெற்றது. அந்த நோயில் சிலந்திக்கு எந்தப் பங்கும் இல்லை. பெயரில் மட்டும்தான் அது இருந்தது.

இன்றும் நம் புறநோயாளிப் பிரிவில் அதே கதைதான் நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கருத்தரங்கின் தலைமைப் பொறுப்பை ஏற்றேன்.

நான் பணியில் சேர்ந்த புதிது. தோப்பில் மட்டை பொறுக்கும் ஓர் அம்மாள் வந்தார். கணுக்காலுக்கு மேலே எட்டணா அகலத்துக்குச் சிவப்பு, நடுவில் ஒரு சிறு கொப்புளம். “ராத்திரி எட்டுக்கால் பூச்சி கடிச்சிருக்கும் தம்பி, விண்ணு விண்ணுனு தெறிக்குது” என்றார். ஓ.பி. சீட்டில் ‘சிலந்திக்கடி’ என்று எழுதி, அரிப்புக்கு மாத்திரையும் தடவ ஒரு களிம்பும் கொடுத்து அனுப்பினேன். சுகர் பார்க்கவில்லை. தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் இரவு மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். முழங்கால்வரை தோல் கருநீலமாகியிருந்தது, அழுத்தினால் நறநறவென்றது. கீறிப் பார்த்தபோது தசையுறை சாம்பல் நிறத்தில் அழுகிக் கிடந்தது. விடிவதற்குள் இறந்துவிட்டார். சுகர் நானூறுக்கு மேல். அவரைக் கொன்றது பாக்டீரியா. அதற்கு மூன்று நாள் அவகாசம் கொடுத்தது என் கையெழுத்து. சிலந்தியை அந்த அம்மாள் பார்த்தாரா என்று நான் கேட்கவே இல்லை.

இந்தத் தவறு உலகம் முழுக்க நடந்திருக்கிறது என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. 2002இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டச் சிறையில் கைதிகள் சிலந்தி கடித்துவிட்டது என்று வரிசையாகப் புண்ணோடு வந்தார்கள். சீழை எடுத்துக் கல்ச்சர் வைத்தபோது வளர்ந்தது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், அதுவும் மெதிசிலினுக்குக் கட்டுப்படாத வகை. அந்த ஒரே ஆண்டில் 900க்கும் மேற்பட்ட கைதிகளுக்கு அது உறுதியானது. நெருக்கடியான அறை, ஒருவர் துண்டை இன்னொருவர் எடுப்பது, துணி சரியாகத் துவைக்கப்படாதது, இவைதான் காரணம். மெதிசிலின் 1959இல் புழக்கத்துக்கு வந்தது. 1961இலேயே அதை எதிர்த்து நிற்கும் கிருமி இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. அதுவே நாற்பது ஆண்டு கழித்துச் சிலந்தியின் பெயரில் வந்து நின்றது.

தெற்குக் கலிஃபோர்னியாவில் சிலந்திக்கடி என்று சொல்லி அவசரப் பிரிவுக்கு வந்த 182 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2011இல் வெளியானது. அவர்களில் உண்மையாகவே சிலந்தி கடித்தவர்கள் 7 பேர். தோலிலோ அதன் அடித்திசுவிலோ பாக்டீரியாத் தொற்று இருந்தவர்கள் 156 பேர். இந்த இரண்டு எண்களையும் பயிற்சி மருத்துவர்கள் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

இன்னொரு நிகழ்வு. 2001இல் நியூயார்க்கில் ஏழு மாதக் குழந்தை ஒன்றின் கையில் வீங்கிக் கறுத்த புண். பழுப்புச் சிலந்திக்கடி என்று மருத்துவர்கள் முதலில் கருதினார்கள். அந்தச் சிலந்தி அந்த வட்டாரத்தில் இயல்பாக வாழ்வதே இல்லை. பிறகுதான் அது ஆந்த்ராக்ஸ் என்று தெரிந்தது. தபாலில் கிருமி அனுப்பப்பட்ட காலம் அது. குழந்தை பிழைத்துக்கொண்டது.

சிலந்தி அப்பாவி என்று நான் வாதாட வரவில்லை. பழுப்புச் சிலந்தியின் நஞ்சில் ஸ்பிங்கோமையலினேஸ்-டி என்னும் நொதி இருக்கிறது. அது தோலை அழுகவைக்கும். ஆனால் 2001இல் கான்சஸ் மாநிலத்தில் லெனெக்சா என்ற ஊரில் ஒரே வீட்டிலிருந்து ஆறு மாதத்தில் 2,055 பழுப்புச் சிலந்திகளைப் பிடித்தார்கள். அந்த வீட்டில் குடியிருந்தவர்களில் ஒருவரைக்கூட அவை கடித்ததாகத் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் கடித்த சிலந்தியையும் பிடித்து வந்த 750 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அழுகிய புண் ஒருவருக்கும் வரவில்லை. பின்னால் தொற்று ஏற்பட்டவர்கள் 7 பேர், அதாவது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. நம் ஊர் மரப்பொந்துகளில் வாழும் பெரிய மயிர்ச்சிலந்தி கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும். சதை அழுகும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

சிலந்தியின் பல்லிலேயே கிருமி இருக்காதா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பிரேசிலில் 2002இல் ஒரு பழுப்புச் சிலந்தி இனத்தின் நச்சுப்பல்லிலிருந்து கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் பிரித்தெடுக்கப்பட்டது. நஞ்சோடு அந்தக் கிருமியையும் சேர்த்து முயலுக்குச் செலுத்தியபோது புண் பெரிதானது. அயர்லாந்தின் கால்வே நகர ஆய்வாளர்களும் 2020இல் வீட்டுச் சிலந்திகளின் பல்லிலும் உடலிலும் பல பாக்டீரியாக்களைக் கண்டார்கள். மறுபக்கத்தில், 1998இல் ஓர் ஓநாய்ச்சிலந்தியின் நஞ்சிலிருந்து பாக்டீரியாவைக் கொல்லும் லைகோடாக்சின் பிரித்தெடுக்கப்பட்டது. பல்லில் கிருமி இருப்பதும் அந்தக் கிருமி மனிதருக்குத் தொற்றை உண்டாக்குவதும் ஒன்றல்ல. நம்மில் மூன்றில் ஒருவர் மூக்கிலேயே ஸ்டாஃபிலோகாக்கஸ் குடியிருக்கிறது. கடித்த இடத்தைச் சொறிகிற நகத்தில் அது இருக்கிறது. சிலந்தி திறந்த வாசல் ஊசிமுனை அளவுதான். அதைப் பெரிதாக்கிக் கிருமியை உள்ளே விடுவது பெரும்பாலும் நம் கைதான் என்பது என் முடிவு.

இங்கே வீட்டு வைத்தியத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். சுண்ணாம்பு வைப்பது, மூக்குப்பொடி அப்புவது, சாணம் பூசுவது, பிளேடால் கீறி ரத்தத்தைப் பிதுக்குவது. 2012இல் அஸ்ஸாமின் சதியா பகுதியில் சிலந்திக்கடி என்று சொல்லப்பட்ட இருவர் இறந்தபோது, அவர்கள் முதலில் நாட்டு வைத்தியரிடம் போனதாகவும் அவர் கடிவாயைப் பிளேடால் கீறியதாகவும் செய்திகள் கூறின. மந்திரிப்பவரிடம் போகிற மக்களை நான் ஏசமாட்டேன். வலியோடு போகிறவருக்கு அங்கே உட்கார்ந்து பேச ஓர் ஆள் இருக்கிறார். நம் மேசையில் அரை நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. மந்திரித்த கயிறு கட்டிக்கொள்ளட்டும். கீறவும் வேண்டாம், சாணமும் வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவுங்கள், டி.டி. ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பாருங்கள் என்று சொல்வதற்கு நமக்கு நேரம் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு மருத்துவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு புண் இருக்கிறது. உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் சிற்றுண்ணியின் இளம்பருவம் கடித்து, ஒரியன்ஷியா என்ற பாக்டீரியா உடம்பில் ஏறுகிறது. சிற்றுண்ணி சிலந்திக்குத் தாயாதி உறவு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு. வலிக்காது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ், அரைஞாண் கட்டும் இடம், பாவாடை நாடா அழுத்தும் இடம் என்று மறைந்திருக்கும். அவிழ்த்துப் பார்க்காதவர் கண்ணில் படாது. பட்டால் ‘பூச்சிக்கடி’ என்று எழுதிவிடுகிறோம். ஐந்தாறு நாள் காய்ச்சலோடு வருகிறவரிடம் அந்தப் பொருக்கைப் பார்த்த உடனே டாக்சிசைக்ளினைத் தொடங்கினால் பிழைத்துவிடுவார். நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினோடு அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது என்று வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் உலகுக்குக் காட்டியது. நம் மண்ணில் நடந்த அந்த வேலையை நம் மாவட்ட மருத்துவமனைகள்தான் முதலில் பயன்படுத்த வேண்டும்.

அதே 2023இல் சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி. அவர்கள் காலில் வரும் எந்தச் சிவப்பும் எனக்கு அச்சம் தருகிறது. தோற்றத்துக்குப் பொருந்தாத வலி, மணிக்கு மணி நகரும் சிவப்பு, கொப்புளத்தில் கருநீலம், குளிர் நடுக்கம், குழப்பமான பேச்சு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். சிவப்பின் எல்லையைப் பேனாவால் வரைந்து நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு ரூபாய்ப் பேனா போதும். சீழ் இருந்தால் கீறி வெளியேற்றுங்கள், அதில் கொஞ்சத்தைக் கல்ச்சருக்கு அனுப்புங்கள். சீழும் இல்லை, சிவப்பும் பரவவில்லை, சிலந்தியைக் கண்ணால் பார்த்தேன் என்கிறார் என்றால் ஆன்டிபயாடிக் எழுதாதீர்கள். தேவையில்லாமல் எழுதிய ஒவ்வொரு சீட்டும் மருந்துக்கு மசியாத கிருமியை இன்னும் கொஞ்சம் வளர்க்கிறது.

இரண்டு நாளும் இங்கே பல கட்டுரைகள் வாசிக்கப்பட இருக்கின்றன. சிலந்தி ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: நோயாளி தீப்பெட்டியில் அடைத்துக்கொண்டு வரும் சிலந்தியை எங்கே அனுப்பினால் இனம் சொல்வீர்கள் என்பதை இந்த அரங்கிலேயே முடிவு செய்து தாருங்கள். இளம் மருத்துவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: திங்கட்கிழமை காலை ஓ.பி.யில் உட்கார்ந்ததும், சிலந்திக்கடி என்று சொல்லி வருகிற முதல் ஆளிடம், கடித்த சிலந்தியைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தச் சொல்லைச் சீட்டில் எழுதாதீர்கள். சுகர் பாருங்கள், நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், மறுநாள் காலை வரச் சொல்லுங்கள்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.