விசா வேண்டாம் என்றால் அனுமதியும் வேண்டாம் என்பதல்ல

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட பின்னர், நம் மக்களின் வெளிநாட்டுப் பயணம் குறித்துச் சில நிமிடங்கள் பேச அனுமதி கேட்டிருந்தோம். இடமளித்த நிர்வாகத்திற்கு நன்றி.

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த மூத்த தம்பதியர் ஒருவருக்கு நேர்ந்த அனுபவமே இப்பேச்சுக்குக் காரணம். மலேசியாவில் வாழ்ந்த தங்கை மௌத்தான செய்தி அவர்களுக்கு இரவில் வந்தது. இந்தியருக்கு இப்போது அங்கு விசா வேண்டாம் என்பதை அறிந்திருந்ததால், உடனே பயணச்சீட்டு எடுத்து, கம்பத்திலிருந்து காரில் திருச்சி விமான நிலையம் சென்றார்கள். மலேசியாவின் வருகைப் படிவம் எங்கே என்று அங்கே கேட்டார்கள். பதற்றத்தில் உறவுக்காரப் பையன் கைப்பேசியில் தேடினான். முதலில் கண்ணில் பட்ட தளத்தில் பணமும் கட்டி, படிவத்தையும் நிரப்பினான். பணம் வாங்கியது போலித் தளம். கடவுச்சீட்டு எண்ணிலும் ஓர் இலக்கம் மாறியிருந்தது. அதைத் திருத்தி முடிப்பதற்குள் விமான நிறுவனத்தின் முகப்பை மூடிவிட்டார்கள். மறுநாள் விமானத்தில் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸா நல்லடக்கம் முடிந்திருந்தது. அந்தப் படிவம் இலவசமானது. வீட்டிலிருந்தபடியே நிரப்பியிருந்தால் சில நிமிடங்களில் முடிந்திருக்கும்.

இதில் அத்தம்பதியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. “விசா தேவையில்லை” என்ற சொல்லை நாம் எல்லோரும் “ஒன்றுமே தேவையில்லை” என்றுதான் புரிந்துகொண்டிருக்கிறோம். உலக நடைமுறையோ அவ்வாறு இல்லை.

இதைப் புரிந்துகொள்ள நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குச் சென்றவர்கள், முன்கூட்டிப் பதிவு செய்து இ-பாஸ் பெற வேண்டியிருந்ததை மறந்திருக்க மாட்டோம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கும் இ-பாஸ் முறை வந்தது. குமுளியும் கொடைக்கானலும் அயல்நாடுகள் அல்ல. ஆயினும் இன்னார் வருகிறார் என்று முன்னரே தெரிவித்து அனுமதி பெறும் நிலை வந்தது. மின்னணுப் பயண அனுமதி என்பதும் ஏறத்தாழ இத்தகையதே.

விசாவுக்குத் தூதரகமும் நேர்காணலும் ஆவணக்கட்டும் தேவைப்படலாம். மின்னணுப் பயண அனுமதிக்கு அவை பொதுவாக வேண்டியதில்லை. பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண், பயண விவரம் ஆகியவற்றை இணையத்தில் தெரிவிக்க வேண்டும். அந்நாட்டு அரசு அவற்றைத் தன் பட்டியல்களோடு ஒப்பிட்டு, தடையில்லையெனில் அனுமதி வழங்கும். அவ்வனுமதி கடவுச்சீட்டு எண்ணுடன் இணைக்கப்படும். விமானம் ஏறுமுன் விமான நிறுவனம் அதைச் சரிபார்க்கும். உரிய அனுமதியின்றி ஒருவரை ஏற்றிச் சென்றால் நிறுவனமே பொறுப்பேற்க நேரும் என்பதால், முகப்பில் இருப்பவர் இரக்கம் காட்ட இயலாது.

இம்முறையை 1996இல் ஆஸ்திரேலியா தொடங்கியது. விசா விலக்குப் பெற்ற நாட்டினருக்கு அமெரிக்கா 2009 ஜனவரி 12 முதல் இதைக் கட்டாயமாக்கியது. கனடா 2016இல் கொண்டு வந்தது. பிரிட்டன் 2023 இறுதியில் கத்தார் நாட்டினரிடம் தொடங்கி, 2025இல் ஐரோப்பியர் வரை விரிவாக்கியது. இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் இந்நாடுகளுக்கு விசாவே பெற வேண்டியவர்கள். ஆனால் மலேசியக் குடியுரிமை பெற்ற நம் உறவினர்கள் பிரிட்டன் செல்வதாயின் இப்போது இவ்வனுமதி வேண்டும். அவர்களுக்கும் இச்செய்தியைச் சொல்லுங்கள்.

நம்மை நேரடியாகத் தொடுபவை அண்டை நாடுகள். ஒரு காலத்தில் தனுஷ்கோடியில் கப்பலேறினால் தலைமன்னார். 1964 டிசம்பர் புயல் அந்த வழியை அழித்தது. இன்று மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஏறுகிறோம். இலங்கை 2012 ஜனவரி முதல் மின்னணுப் பயண அனுமதி முறையை நடத்தி வருகிறது. 2023 இறுதியில் இந்தியா உள்ளிட்ட ஏழு நாட்டினருக்கு விசாக் கட்டணம் இல்லை என்று அறிவித்தபோது, அனுமதியே வேண்டாம் என்று பலர் எண்ணினர். கட்டணம்தான் நீங்கியது, அனுமதி பெறும் முறை நீங்கவில்லை. பின்னர் 2024 ஏப்ரலில் அங்கே வேறொரு விசா முறை வந்தது. அதை இலங்கை உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் இடைநிறுத்தவே, பழைய முறை திரும்பியது. ஓராண்டுக்குள் இத்தனை மாற்றம். சென்ற ஆண்டு போய் வந்தவர் சொன்னதை மட்டும் நம்பி இவ்வாண்டு புறப்படக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியருக்கு 30 நாள் விசா விலக்கு அளித்தது. அத்துடன் வருகைக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகைப் படிவம் நிரப்ப வேண்டும் என்றும் விதித்தது. தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இத்தகைய படிவத்தைக் கொண்டு வந்தது. இவை அனுமதி அல்ல, அறிவிப்பு மட்டுமே. இரண்டிற்கும் அரசு கட்டணம் வாங்குவதில்லை. ஆகவே இப்படிவங்களுக்குப் பணம் கேட்கும் தளம் அரசின் தளம் அன்று என்பதை உறுதியாகக் கொள்ளலாம்.

அடுத்து, பெயர். நம் சமுதாயத்தில் இது பெரிய சிக்கல். முகம்மது என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். அத்தாவின் பெயரை முதலெழுத்தாக மட்டும் வைக்கிறோம். சிலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடமே வெறுமையாக இருக்கிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள கடவுச்சீட்டுடன் சுற்றுலா முறையில் வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்தபோது நம்மில் பலர் கலங்கினர். பிள்ளைகளுக்குக் கடவுச்சீட்டு எடுக்கும்போதே இரு இடங்களையும் நிரப்புங்கள். படிவங்களில் கடவுச்சீட்டில் உள்ளவாறே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் எண் மாறும். பழைய எண்ணில் பெற்ற அனுமதி பயன்படாது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. விசா விலக்கோ பயண அனுமதியோ சுற்றிப் பார்ப்பதற்கும் உறவினரைக் காண்பதற்கும் உரியவை. “விசா இல்லாமல் போ, அங்கே வேலை காத்திருக்கிறது” என்று சொல்லும் முகவரை நம்ப வேண்டாம். தாய்லாந்தில் வேலை என்று அழைத்துச் சென்று, மியன்மாரில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த கொடுமை பற்றி நம் வெளியுறவு அமைச்சகம் 2022இலேயே எச்சரித்தது. வேலைக்குப் போவதென்றால் வேலைக்கான விசாவுடன் மட்டுமே செல்ல வேண்டும்.

இறுதியாக மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, பயணச்சீட்டு எடுக்குமுன், செல்லும் நாட்டின் குடிவரவுத் துறைத் தளத்தையோ தூதரகத் தளத்தையோ பார்த்து, அன்றைய விதியை உறுதி செய்ய வேண்டும். இரண்டாவது, அனுமதியை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அனுமதி இருந்தாலும் உள்ளே விடுவது அந்நாட்டுக் குடிவரவு அதிகாரியின் முடிவே என்பதால், திரும்பும் பயணச்சீட்டும் தங்குமிட முகவரியும் உடன் இருக்கட்டும்.

மூன்றாவது வேண்டுகோள் நிர்வாகத்திற்கு. கணினி அறிந்த நம் பிள்ளைகள் இருவர், வாரத்தில் ஒரு நாள் மாலை ஜமாஅத் அலுவலகத்தில் அமர்ந்து இப்படிவங்களை நிரப்பித் தந்தால் போதும். மௌத்துச் செய்தி வந்த வீட்டாருக்கு நேரம் பாராமல் உதவவும் அவர்களுடைய தொலைபேசி எண் அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். இதற்குப் பெரும் செலவு ஏதுமில்லை.

தங்கையின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காண முடியாமல் திரும்பிய அந்த மூத்தவர், “எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே” என்று மட்டுமே நம்மிடம் சொன்னார். அடுத்து ஒருவர் அவ்வாறு சொல்ல நேராமல் பார்த்துக்கொள்வது நம் அனைவரின் கடமை.