முழங்கால் மாற்றமும் மனநிறைவும்

(கந்தப்பளையில் ஆற்றிய உரை)



தேய்ந்துபோன முழங்கால் மூட்டை நீக்கி, உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட மூட்டைப் பொருத்தும் சத்திரசிகிச்சை இன்று நேற்றுத் தோன்றியதன்று. நியூயோர்க்கில் ஜோன் இன்சால் முதலிய வைத்தியர்கள் 1974இல் பொருத்தத் தொடங்கிய மூட்டே இன்றைய மூட்டுகளுக்கு முன்னோடி. 1997இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் கணினி வழிகாட்ட எலும்பை அறுத்தனர். இப்போது இயந்திரக் கை வந்திருக்கிறது. பெரும்பாலும் வாளைப் பிடிப்பது வைத்தியரின் கைதான். குறித்த எல்லையை வாள் மீறாதபடி இயந்திரம் காக்கிறது.

அளவு துல்லியமாகிறது, மறுப்பாரில்லை. ஆனால் நோயாளி நிறைவடைகிறாரா? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இச்சிகிச்சை பெற்றோரை விசாரித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஐவரில் ஒருவர் நிறைவில்லை என்றார். மூட்டு உழைக்காததாலா? அன்று, இருபத்தைந்து ஆண்டு உழைக்கும் மூட்டுகள் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் என 2019இல் கணக்கிட்டுள்ளனர். எதிர்பார்த்தது கைகூடாமையே மனக்குறையோடு மிக வலுவாகத் தொடர்புற்றிருந்தது. இயந்திரக் கை அக்குறையைத் தீர்த்துவிட்டது என்று ஆய்வுகள் இன்னும் ஐயமற நிறுவவில்லை. விளம்பரப் பலகைகள் மட்டும் நிறுவிவிட்டன!

நம் தாய்மார் எதிர்பார்ப்பது என்ன? செங்குத்தான மலையில், முதுகில் கொழுந்துச் சுமையோடு ஏறி இறங்கித் தேய்ந்த கால் அது. நாற்காலியில் அமர்ந்து வாழ்வோர்க்கு வலி தீர்ந்தாலே பெரும்பேறு. லயத்திலே வாழ்பவளோ தரையிலே உட்கார வேண்டும், கக்கூசிலே குந்த வேண்டும், அடுப்படியிலே குனிய வேண்டும். மாற்று மூட்டு வழக்கமாக 110 முதல் 120 பாகை வரை மடங்கும்; முழுதாகக் குந்துவதற்கு அது போதாது. இதனை எத்தனை பேருக்கு முன்னரே சொல்கிறார்கள்? அவளுக்கு விளங்கும் தமிழிலே சொல்கிறார்களா? ஒப்பப் படிவத்தில் கைநாட்டு வாங்குவது விளக்கமாகிவிடாது.

ஆகவே, சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்குமுன் கேளுங்கள்: என் கால் எவ்வளவு மடங்கும்? மீண்டும் மலையேறிக் கொழுந்து பறிக்கலாமா, அல்லது வேறு வேலை கேட்க வேண்டுமா? வீட்டிலே உயரமான கக்கூசு ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். அதற்குரிய செலவு இயந்திரக் கையின் செலவுக்கு உறைபோடவும் காணாது.

இன்னொன்று. முதற் சில கிழமைகளில் காலை மடக்கி நீட்டும் பயிற்சி தவறினால், எந்தக் கருவியால் பொருத்திய மூட்டும் விறைத்துப்போகும். அப்பயிற்சிக்கு இயன்மருத்துவர் தோட்டத்துக்கு வருவாரா, கட்டுப் பிரிக்காத காலோடு நீங்கள் நுவரெலியாவுக்குப் பஸ் ஏற வேண்டுமா என்பதையும் அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.