கடவுச்சொல்லுக்குத் தமிழ் ஆகாதா?

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுக்குரியவரை வெளியே நிறுத்திவிட்டுத் தானே தாழிட்டுக்கொள்ளும் பூட்டை நீங்கள் கண்டதுண்டா? நான் கண்டேன்.

என் தமக்கையார் 31 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் பயிற்றி ஓய்வு பெற்றவர். அவர்தம் ஓய்வூதியம் வைப்பகக் கணக்கில் சேர்கிறது. ஒருநாள் இணையவழிக் கணக்கைத் திறக்க முயன்றார். ‘உங்கள் கடவுச்சொல்லின் காலம் முடிந்தது; புதியது அமைக்க’ என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. புதியது இட்டார், ‘பெரிய எழுத்து ஒன்று வேண்டும்’ என்றது. சேர்த்தார், ‘சிறப்புக்குறி வேண்டும்’ என்றது. அதையும் சேர்த்தார், ‘இது பழையதை ஒத்திருக்கிறது’ என்றது. சினந்து, தூய தமிழ்ச்சொல் ஒன்றை இட்டார்; ‘தகாத குறி’ என்று தள்ளியது!

ஒருவாறு அமைத்து முடித்த அந்தப் புதுச்சொல் மறுநாள் அவர் நினைவில் இல்லை. மும்முறை பிழைபட்டது; கணக்குப் பூட்டப்பட்டது. மீட்புக்கான எண்ணோ, அவர் என்றோ கைவிட்ட பழைய கைப்பேசிக்குப் போயிற்று. கணக்கில் பணமிருந்தும் மருந்து வாங்கக் கைம்மாற்றுக் கேட்டார். மூன்று நாள் வைப்பகத்திற்கு நடந்தார். “எல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தான் அம்மா” என்றாராம் அங்கிருந்த அலுவலர்.

நான் கேட்கிறேன்: இது பாதுகாப்பா? அறிவியல் என்ன சொல்கிறது?

இந்தக் கட்டளைகள் உலகெங்கும் பரவுவதற்குப் பெருங் கரணியமாய் இருந்தது அமெரிக்க நாட்டுச் செந்தர, தொழில்நுட்ப நிறுவனத்தின் வழிகாட்டி. பலவகைக் குறிகளைக் கலந்து எழுதுக, அவ்வப்போது மாற்றுக என்னும் அறிவுரையை 2003இல் அதற்காக எழுதியவர் பில் பர் என்பவர். அவரே 2017இல், தாம் செய்தவற்றுள் பெரும்பகுதிக்கு இன்று வருந்துவதாகச் செய்தித்தாள் ஒன்றுக்கு வெளிப்படையாகச் சொன்னார்.

ஏன் வருந்தினார்? மாந்தர் இயல்பை அவ்வறிவுரை எண்ணிப் பார்க்கவில்லை. மாற்று என்று வற்புறுத்தினால் மாந்தர் என்ன செய்வர்? ஈற்றிலுள்ள 1ஐ 2 ஆக்குவர். இல்லையேல் தாளில் எழுதி மேசைமேல் ஒட்டுவர். வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் இதனை ஆராய்ந்தனர். கடவுச்சொற்களின் மறைவடிவக் கோப்பு கையில் இருக்குமாயின், பழைய சொல்லைக்கொண்டு புதிய சொல்லைச் சில நொடிகளில் கண்டறிய 41 விழுக்காட்டளவில் இயன்றது. ஐந்து முயற்சிகளுக்குள்ளேயே 17 விழுக்காட்டுக் கணக்குகள் திறந்துகொண்டன. திருடனுக்கு எளிது, உரியவருக்கே கடினம்!

அந்த அமெரிக்க நிறுவனமே 2017இல் தன் நெறியைத் திருத்தியது. காலந்தோறும் மாற்றச் சொல்ல வேண்டா. களவு போனதற்குச் சான்றிருந்தால் மட்டும் மாற்றச் சொல்க என்றது. 2019இல் மைக்ரோசாப்டு நிறுவனமும் தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து காலக்கெடுவை நீக்கியது. 2025இல் வெளிவந்த அமெரிக்கத் திருத்தம், கட்டாய மாற்றமும் குறிக்கலப்புக் கட்டளையும் கூடவே கூடா என்று அறுதியிட்டது. வகுத்தவரே கைவிட்ட வழக்கத்தை நாம் இன்னும் சுமக்கிறோம்!

இனி, தமிழர் குறிப்பாக எண்ண வேண்டியது ஒன்றுண்டு. ‘பெரிய எழுத்து ஒன்று, சிறிய எழுத்து ஒன்று’ என்கிறார்களே, அகரத்திற்குப் பெரிய அகரம் உண்டா? நம் 247 எழுத்துகளுள் எதற்கு இந்தப் பாகுபாடு? உரோம எழுத்துப் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே பொருந்தும் ஒன்றை மாந்தர் அனைவர்க்கும் நெறியென விதிப்பது, தன் காலளவில் செருப்புத் தைத்து ஊரார் காலைக் குறை சொல்வது போன்றதன்றோ?

தமிழ் எழுத்தைக் கணினி ஏற்காது என்பார் சிலர். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ‘கொ’ போன்ற எழுத்தை இருவகையாய்ப் பதியலாம், அதனால் ஒரே சொல் இரண்டாய்த் தோன்றும் என்பது அவர்கள் காட்டும் தடை. தடை உண்மையே, தீர்வும் உண்டு. இருவகையையும் ஒரே வடிவாக்கிய பின் ஒப்பிடும் முறையை அந்த அமெரிக்க வழிகாட்டியே கூறுகிறது. ஒருங்குறி எழுத்துகளை ஏற்கவும் சொல்கிறது. எனவே இது இயலாமை அன்று, மனமின்மை!

பூட்டே வேண்டா என்று நான் சொல்லவில்லை. திருடன் ஓயாது முயல்வதைத் தடுக்க வரம்பு வேண்டும். ஆனால், தொடர்ந்த பிழைமுயற்சிகளுக்கு அவ்வழிகாட்டி வைத்த மேல்வரம்பு 100. மூன்றாம் பிழையிலேயே முதியவரை வெளியே தள்ளுவது எவ்வகை அறம்?

ஆகவே, நம் வேண்டுகைகள் நான்கு. காலக்கெடு வைத்துக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்வதை நிறுத்துக. பெரிய எழுத்துக் கட்டளையை நீக்கித் தமிழ் எழுத்தை ஏற்க. அறிவிப்பையும் மீட்புவழியையும் தமிழில் தருக. கணக்குப் பூட்டப்பட்ட முதியவர்க்கு அன்றே, கிளையிலேயே திறந்து தருக.

உறவுகளே! இன்றே உங்கள் வைப்பகத்திற்குத் தமிழில் மடல் எழுதுங்கள், தமிழில் கையொப்பமிடுங்கள். கணக்கில் உள்ள கைப்பேசி எண் சரியா என்று பாருங்கள். தமிழ் எழுத்து ஏற்கப்படும் நாள் வரும்வரை, தொடர்பில்லா நான்கைந்து தமிழ்ச்சொற்களை, உரோம எழுத்தில் எழுத நேரினும், நீளமாய்க் கோத்து வையுங்கள். ஊரறிந்த பாட்டடிகளை வைக்காதீர்கள், உலகறிந்தது கமுக்கமாகாது.

தன் பணத்தை எடுக்கத் தன் மொழியை வாயிலில் கழற்றி வைத்துவிட்டுப் போகும் இழிநிலை தமிழர்க்கு வேண்டா. கதவு நம்முடையது, அதன் திறவுகோலும் நம் மொழியில் இருக்கட்டும்!

வெல்க தமிழ்!