படகில் ஒரு மாற்று விசிறி

1837-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் பாடிங்டன் கால்வாயில் ஒரு சிறு நீராவிப் படகு ஓடிக்கொண்டிருந்தது. அதைச் செய்வித்தவர் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்பவர். தொழிலால் அவர் ஒரு பண்ணைக்காரர். படகின் இரு பக்கமும் துடுப்புச் சக்கரம் வைப்பதே அந்நாளைய வழக்கம். ஸ்மித்தோ நீருக்குள்ளே, படகின் பின்புறத்தில், மரத்தாலான ஒரு திருகைப் பொருத்தியிருந்தார். திருகாணியின் புரி இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி வந்தால் எப்படி இருக்குமோ, அப்படிப்பட்ட வடிவம். ஓட்டத்தின் நடுவே அந்தத் திருகில் பாதி முறிந்துபோயிற்று. படகு நின்றுவிடும் என்றுதானே எதிர்பார்ப்போம்? மாறாக, அது முன்னிலும் விரைந்து ஓடத் தொடங்கிற்று! நீண்ட திருகு தேவையில்லை, குட்டையானதே போதும் என்பது அந்த விபத்தினால் விளங்கிற்று. இன்று மோட்டார்ப் படகுகளின் பின்னால் மூன்று இதழ்களுடன் சுழலும் புரொப்பெல்லர் அந்த முறிந்த மரத்திருகுக்கு நெருங்கிய உறவுதான்.

விசிறி உடைந்தால் விரைவு கூடும் என்று நம்பி இன்று எவரும் படகேறக் கூடாது. இதை நான் புத்தகத்தில் படித்து அறிந்தவன் அல்லன். இரவு நேரத்தில் நடுங்கிக்கொண்டே கற்றுக்கொண்டவன்.

கனடாவின் ஒன்டேரியோ, மானிட்டோபா என்னும் மாகாணங்களிலும் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுமாகப் பரந்து கிடக்கிறது 'லேக் ஆஃப் தி உட்ஸ்' என்னும் ஏரி. பரப்பு 4,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதனுள் 14,000-க்கு மேற்பட்ட தீவுகள். பனியாறுகள் தேய்த்துச் சென்ற மிகப் பழைய பாறையே ஏரியின் வடபகுதிக்குத் தரையாக அமைந்திருக்கிறது. அந்தப் பாறை நீருக்கு மேலே தலைகாட்டும் இடம் தீவு. ஒரு சாண் ஆழத்தில் மறைந்து கிடக்கும் இடம் படகோட்டிக்கு எமன். நீர்மட்டம் ஏறி இறங்குவதால், ஒரு கோடையில் தடையின்றிச் சென்ற வழியிலேயே அடுத்த கோடையில் பாறை இடிக்கும்.

அவ்வேரியின் வடகரையில் கெனோரா என்னும் ஊர் இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு ஜூலையில் அங்குள்ள நண்பர் ஒருவரின் வீட்டில் விருந்தினனாகத் தங்கியிருந்தேன். அவரிடம் ஐந்து மீட்டர் நீளமுள்ள ஓர் அலுமினியப் படகும், அதன் பின்பலகையில் மாட்டிய 50 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டாரும் இருந்தன. ஒரு நாள் மாலை, நண்பர், அவர் மனைவி, இரண்டு குழந்தைகள், நான் ஆகிய ஐவரும் ஒரு தீவுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். திடீரென்று ஒரு பேரொலி. மோட்டார் துள்ளி மேலெழுந்து அடங்கிற்று. தூக்கிப் பார்த்தால், விசிறியின் ஓர் இதழ் பாதிக்குமேல் போய்விட்டது. மற்றொன்று அப்பளம் போல மடங்கியிருந்தது.

நண்பர் கலங்கவில்லை. "இதற்குத்தானே மாற்று வைத்திருக்கிறேன்" என்று இருக்கையின் அடியிலிருந்து ஒரு விசிறியை எடுத்தார். யாரோ பயன்படுத்தியதை மலிவாக வாங்கி வைத்தது. அதன்மேல் பொறித்திருந்த எண்கள் உடைந்த விசிறியின் எண்களேதாம். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைத் தண்டில் செருகினார். இரண்டு விரற்கடை சென்றது, அதற்குமேல் அசையவில்லை. "ஏன் மாமா போகமாட்டேன் என்கிறது?" என்று சிறுவன் என்னைக் கேட்டான். எனக்கு விடை தெரிந்திருந்தது. சொல்லத்தான் மனம் வரவில்லை. தண்டின்மேல் நெடுக வெட்டியிருந்த பற்களின் எண்ணிக்கை வேறு. விசிறியின் உட்துளையில் இருந்த பள்ளங்களின் எண்ணிக்கை வேறு.

தீவுகளின் நடுவே கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. உடைந்த விசிறியையே மீண்டும் மாட்டி, மனிதன் நடக்கும் வேகத்தில் 15 கிலோமீட்டரைக் கடந்தோம். சற்றே விசையைக் கூட்டினாலும் படகு முழுவதும் கிடுகிடுவென்று ஆடும். சமநிலை கெட்ட விசிறியை வேகமாகச் சுழற்றினால் தண்டைச் சுற்றியுள்ள நீர்த்தடுப்பு வளையங்கள் சிதைந்து, பற்சக்கரப் பெட்டிக்குள் நீர் புகுந்துவிடும். எதிர்க்காற்றில் அலை தெறித்து எல்லாரும் நனைந்திருந்தோம். சிறுமியை என் மேற்சட்டைக்குள் வைத்துப் போர்த்திக்கொண்டேன். கரை சேர்ந்தபோது மணி பதினொன்று கடந்துவிட்டது.

மாற்று விசிறியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி அன்றிரவு முதல் எனக்கு வெறும் கேள்வியாக இருக்கவில்லை.

விசிறியின் மேல் பொறித்துள்ள எண்களிலிருந்து தொடங்குவோம். 11 × 13 என்று இருந்தால் முதல் எண் விட்டம். இரண்டாவது எண் புரியிடைத் தூரம். இரண்டும் அங்குலக் கணக்கு. பள்ளியில் திருகு அளவியைக் கையாண்ட மாணவர்களுக்குப் புரியிடைத் தூரம் புதிதன்று. மரத்தில் திருகாணி இறங்குவது போல, விசிறி ஒரு முறை சுழன்றால் 13 அங்குலம் முன்னேற வேண்டும். பொறி நிமிடத்துக்கு 5,500 முறை சுழல்கிறது, இடையிலுள்ள பற்சக்கரம் அதைப் பாதியாகக் குறைக்கிறது என்று கொள்வோம். விசிறி சுழல்வது 2,750 முறை. அதை 13-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 35,750 அங்குலம். அதாவது ஏறத்தாழ 908 மீட்டர். மணிக்கு 54 கிலோமீட்டர். ஆனால் நீர் மரமன்று; வழுக்கிக்கொடுக்கும். நூற்றுக்குப் பதினைந்து பங்கு வழுக்கலில் போனால் எஞ்சுவது மணிக்கு 46 கிலோமீட்டர்.

அப்படியானால் புரியிடைத் தூரம் மிகுந்த விசிறியை மாட்டி இன்னும் விரைந்து செல்லலாமே என்று தோன்றும். பாரவண்டியை மேட்டில் இழுக்கும் மாட்டை நீண்ட அடியெடுத்து வைக்கச் சொல்வது போன்றது அது. பொறி திணறும், தனக்குரிய சுழற்சியை எட்டாது, நாளடைவில் கெடும். புரியிடைத் தூரம் மிகக் குறைந்தாலோ, பொறி கட்டின்றிச் சுழலும். ஓர் அங்குலம் மாறினால் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று வரை மாறும் என்பது படகோட்டிகளின் கணக்கு. முழு விசையில் பொறி எத்தனை சுற்றுக்குள் ஓட வேண்டும் என்பதை அதனுடன் தரும் கையேடே சொல்லிவிடும்.

இனி மாற்று விசிறிக்கு வருவோம். அன்றாட விசிறியை வேகத்துக்காகத் தேர்ந்தெடுக்கலாம். மாற்று விசிறியோ மிகக் கெட்ட நாளில் பயன்படப் போவது. படகில் ஆள் நிறைந்திருக்கலாம். வேறொரு படகைக் கட்டி இழுக்க நேரலாம். காற்று எதிர்த்து அடிக்கலாம். ஆகவே அதன் புரியிடைத் தூரம் அன்றாட விசிறியினுடைய அளவாகவோ, ஓரிரண்டு அங்குலம் குறைவாகவோ இருக்கட்டும் என்பேன். குறைவானது பாரத்தை எளிதில் இழுக்கும். விசைப்பிடியை முழுவதும் தள்ளாமல் இருந்தால் போதும், பொறிக்குத் தீங்கில்லை.

எந்த உலோகம் என்பதில் நண்பருக்கும் எனக்கும் நெடிய வழக்கு நடந்தது. நம் சமையலறை எவர்சில்வரின் இனத்தைச் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகு விசிறிகள் உண்டு. உறுதி மிகுந்தவை, இதழ்கள் மெல்லியவை, வேகமும் சிறிது கூடும், ஆனால் அலுமினிய விசிறியைப் போலப் பல மடங்கு விலை. "உடையாததையே வாங்கிவிட்டால் மாற்றே வேண்டாமே!" என்றார் நண்பர். வாதம் அழகியதுதான். ஆனால் பாறையில் மோதிய விசை எங்கே போகும்? அலுமினிய இதழ் மடங்கித் தன்னைப் பலி கொடுக்கிறது. எஃகு இதழ் மடங்காமல் நின்று, அடியின் பெரும்பகுதியைத் தண்டுக்கும் பற்சக்கரங்களுக்கும் அனுப்பிவிடுகிறது. விசிறியை ஏரியில் மாற்றலாம். பற்சக்கரத்தை மாற்ற முடியுமா? பாறை நிறைந்த நீரில் இரண்டு அலுமினிய விசிறிகளே எனக்கு உகந்தவை. ஆழமான நீரில் விரைவை நாடுவோர் எஃகை வைத்துக்கொள்ளட்டும். அவர்களுக்கும் மாற்று அலுமினியமாகவே இருக்கலாம்.

பலி கொடுப்பதற்கென்றே அமைந்த உறுப்பு வேறொன்றும் உண்டு. பழைய சிறு மோட்டார்களில், விசிறியைத் தண்டுடன் பிணைக்க மெல்லிய உலோக ஊசி ஒன்று இருக்கும். மோதினால் ஊசி அறுந்து, மற்றவை பிழைக்கும். அத்தகைய மோட்டார் உடையவர் விசிறியை மறந்தாலும் நாலைந்து ஊசிகளை மறக்கலாகாது. இக்காலத்து விசிறிகளில் வண்டிச் சக்கரத்தின் குடம் போன்ற நடுப்பகுதிக்குள் ரப்பராலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஓர் உறை இருக்கிறது. கடுமையாக அடிபட்டால் அது வழுக்கிக்கொள்ளும். இதழ்கள் முழுமையாக இருந்தும், பொறி வீறிட்டு ஓடியும், படகு நகரவில்லை என்றால் உறை போய்விட்டதென்று பொருள். மெல்ல ஓட்டிக் கரை சேர்வது பெரும்பாலும் இயலும்.

நண்பர் ஏமாந்ததும் இந்த உறையினால்தான். ஒரே விசிறியை வெவ்வேறு மோட்டார்களுக்குப் பொருத்துவதற்காக வெவ்வேறு உறைகள் தனித்தனியே விற்கப்படுகின்றன. மேலே உள்ள எண்கள் ஒன்றாக இருந்தும் உள்ளே பற்கள் மாறிவிடுவது அதனால்தான். பற்களை எண்ண வேண்டும். சுழலும் திசையையும் பார்க்க வேண்டும். எண்ணிப் பார்ப்பதைக் காட்டிலும் உறுதியான சோதனை, வாங்கிய அன்றே கரையில் மாட்டிப் பார்த்து, அதைக் கொண்டே ஒரு நாள் ஏரியில் ஓட்டிவிடுவது. பெரும்பாலோர் செய்யாமல் விடுவதும் இதைத்தான். புதிய பொருளில் கீறல் விழுமே என்ற கவலை போலும்!

விசிறி மட்டும் இருந்தால் போதாது. நட்டுக்கு ஏற்ற ஸ்பானர், உபரியாக ஒரு நட்டு, வாஷர்கள், வண்டிக்குக் கடையாணி போல நட்டைக் காக்கும் காட்டர் பின், சிறிது கிரீஸ், விசிறி சுழலாதபடி முட்டுக் கொடுக்க ஒரு மரக்கட்டை, இவ்வளவும் ஒரே பையில் இருக்க வேண்டும். கை வைக்குமுன் பொறியின் சாவியை எடுத்துவிட வேண்டும். தவறிப்போய்ப் பொறி கிளம்பினால் போவது விரல்கள்.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் மீண்டும் கெனோராவுக்குப் போனேன். அதே ஏரி, அதே படகு, பாறை மட்டும் வேறு. இம்முறை நண்பர் மோட்டாரைத் தூக்கி நிறுத்தி, நட்டு நீரில் விழாதபடி அடியில் ஒரு துண்டை விரித்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தவன் அதே சிறுவன். பற்களை அவன் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிக்கொண்டிருக்கும்போதே விசிறி தண்டில் முழுவதும் இறங்கி அமர்ந்தது. இருபது நிமிடத்தில் புறப்பட்டுவிட்டோம். இரவு உணவு ஆறுமுன் வீடு சேர்ந்தோம்.