அல்லேலூயா வந்த வழி



வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். நாம் ஒரு பாட்டைப் பற்றிப் பேச வந்துள்ளோம்; பொறுத்தருள்க.

ஈஸ்டர் அதிகாலையில், அடிதோறும் 'அல்லேலூயா' என முடியும் பாட்டைப் பாடுகின்றோம் அல்லவா? அதனை ஆங்கிலப் பாட்டு என்றே பலரும் எண்ணுகின்றனர். அதன் மூலம் 14-ஆம் நூற்றாண்டின் இலத்தீன் பாட்டு. 1708-இல் இலண்டனில் அச்சான நூலொன்றில் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழுக்கு வந்தது அதற்கும் பின்னர். ஆங்கிலேயரும் நம்மைப் போல் இரவல் வாங்கியவர்களே! இத்தனை மொழிகளைக் கடந்தும் மாறாது நின்ற சொல் ஒன்றுண்டு. அதுவே அல்லேலூயா என்னும் எபிரேயச் சொல்.

எழுத்தறியாத நம் முன்னோருக்கு அப்பாட்டின் கதவைத் திறந்தது அச்சொல்லே என்பது எம் கருத்து. ஒருவர் அடியைப் பாட, ஏனையோர் அச்சொல்லால் ஏற்றுப் பாடினால் போதும். நடவு வயலில் ஒருத்தி பாட, வரிசையில் நிற்போர் ஏற்றுப் பாடுவதும் இம்முறையே அன்றோ?

மயிலாடியில் நம்மவராகிய மகாராசன் வேதமாணிக்கம் அழைக்க, செருமானியராகிய ரிங்கல்தௌபே 1806-இல் வந்தார். 1809-இல் அங்கே ஆலயம் எழுந்தது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்ததோ 1855-இல்! இடைப்பட்ட 46 ஆண்டுகளிலும் சாவின் கட்டு அறுந்தது என்னும் செய்தியை நம் மக்கள் கேட்டு வந்தனர். அவ்வாண்டுகளிலேதான் நம்மவருள் பலர் விற்கவும் வாங்கவும் பட்டனர்.

எம் பாட்டியார் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு சரணமும் பிழையாமல் பாடுவார். சிறுவயதில் அதைச் சுட்டிக்காட்டிச் சிரித்தோம். "புத்தகம் தலைகீழா இருந்தா என்னலே மக்கா, பாட்டு நேராத்தானே இருக்கு" என்றார். ஆசிரியரான பின்னர் அச்சிரிப்பு நம்மைச் சுட்டது. ஆதலின், சங்கத்தின் மாலைப் படிப்பகத்தில் முதியோருக்குக் கற்பித்தபோது அரிச்சுவடியை ஒதுக்கிவிட்டு அந்தப் பாட்டையே கரும்பலகையில் எழுதினோம். தெரிந்த பாட்டில் தெரியாத எழுத்தைத் தேடினர். முதல் மாலையிலேயே 'அ'வையும் 'ல்'லையும் கண்டுகொண்டனர்.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு வழக்கு உண்டு. கிழவிகள் இராகத்தை இழுக்கின்றனர், கீபோர்டுடன் இசைவதில்லை என்று முறையிடுகின்றீர்கள். அவர்களை வாய் திறவாமல் இருக்கச் சொன்னதாகவும் கேள்விப்பட்டோம், வருந்தினோம். அந்த இராகம் தமிழுக்காகக் கட்டப்பட்டதன்று. தமிழில் குறில் நீண்டால் பொருள் கெடும். கல்லறையின் கல் புரண்டது என்று பாட வேண்டிய இடத்தில் இராகம் குறிலை நீட்டினால், கால் அல்லவா புரண்டுவிடும்! நம் பெண்கள் தமிழ்ச்சொல் நீளும் இடத்தில் இராகத்தை நீட்டினர். குறுகும் இடத்தில் குறுக்கினர். ஏட்டில் ஒருமுறை மொழிபெயர்க்கப்பட்ட பாட்டை அவர்கள் நாவினால் இரண்டாம் முறை மொழிபெயர்த்தனர். அதற்கு ஒருவரும் கூலி கொடுக்கவில்லை, பெயரும் எழுதவில்லை.

கும்பப்பூ அறுவடை முடிந்தால் ஈஸ்டர் வந்துவிடும். எம் ஊரில் அம்முறையில் பாடத் தெரிந்தவர் நால்வரே எஞ்சியுள்ளனர். உங்கள் கைப்பேசிகளில் அவர்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். பெயரையும் ஊரையும் கேட்டு எழுதுங்கள். செவ்வாய்தோறும் மாலை ஆறு மணிக்குப் படிப்பகத்தைத் திறந்து வைத்திருப்போம். அவர்களைக் கைபிடித்து அழைத்து வாருங்கள்.